மாற்றுத்திறனாளித் தலைவர்கள்: எதைப் பாராட்டுகிறோம்?

1953-இல் கல்கத்தா தென்கிழக்குத் தொகுதியில் மக்களவை இடைத்தேர்தல் நடந்தது. சியாமா பிரசாத் முகர்ஜி மறைந்ததால் காலியான தொகுதி அது. கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் நின்று வென்றவர் சாதன் குப்தா. வழக்கறிஞர், சிறு வயதிலேயே அம்மை கண்டு பார்வை போனவர். முதல் பொதுத்தேர்தல் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், பார்வையற்ற ஒருவரை மக்கள் ஓட்டுப் போட்டு மக்களவைக்கு அனுப்பிவிட்டார்கள். 1957-இல் மீண்டும் வென்றார். பிற்காலத்தில் மேற்கு வங்க அரசின் அட்வகேட் ஜெனரலாக இருந்தார். 2015-இல் காலமானார்.

நம் பாடநூல்களிலோ சிறப்பு மலர்களிலோ இவர் பெயர் கண்ணில் படுவது அபூர்வம். ஐ.நா. அவை 1992-இல் அறிவித்த சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாள், டிசம்பர் 3, வந்துவிட்டால் நம் பத்திரிகைகள் விளையாட்டு வீரர்களையும் பாடகர்களையும் வாயில் தூரிகை பிடித்து ஓவியம் தீட்டுபவர்களையும் தேடிப் போகின்றன. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியிலிருந்து சென்ற மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றார். அவரைக் கொண்டாடுவது முறைதான், இன்னும் கொண்டாடலாம். ஆனால் சட்டம் வரவைத்தவர், தீர்ப்பு எழுதியவர், அமைச்சகம் நடத்தியவர், ஊருக்குப் பயன்படும் ஒரு நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர் ஆகியோர் இந்த வரிசையில் இடம்பெறுவதில்லை. தொழிலிலும் பொதுவாழ்விலும் தலைமை தாங்கிய மாற்றுத்திறனாளிகளை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம், அந்த நினைவில் எது விடுபடுகிறது என்பதை இந்திய அனுபவத்தை முன்வைத்துப் பார்க்கலாம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருவரின் சாதனையைச் சொல்ல வருகிறவர் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவர் செய்த வேலை என்ன? அதைச் செய்ய எந்த ஏற்பாடு துணைநின்றது? வழியில் யார் கதவைச் சாத்தினார்கள்? இந்த மூன்றும் இல்லாத பாராட்டு, உடலைப் பார்த்து வியந்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுகிறது.

இந்தக் குறையை உலகறியச் சொன்னவர் ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஸ்டெல்லா யங். எலும்பு எளிதில் முறியும் நோயுடன் பிறந்தவர், சக்கர நாற்காலியில் இயங்கியவர். அவருக்குப் பதினைந்து வயதானபோது ஊர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, சமூகச் சாதனை விருதுக்கு அவர் பெயரைப் பரிந்துரைக்க விரும்புவதாகச் சொன்னார். நல்ல எண்ணம்தான், ஆனால் எங்கள் மகள் இன்னும் எதையும் சாதிக்கவில்லையே என்று பெற்றோர் பதில் சொன்னார்கள். மற்ற பிள்ளைகளைப் போலப் பள்ளிக்குப் போனார், படித்தார், தொலைக்காட்சி பார்த்தார். அதற்கு எதற்கு விருது? 2014-இல், இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, சிட்னி மேடையில் அவர் இதைச் சொன்னபோது பலருக்கு உறைத்தது. மாற்றுத்திறனாளியைச் சாதாரண வேலைக்காகப் புகழ்வது, அவரிடம் நாம் எதையுமே எதிர்பார்க்கவில்லை என்று சொல்வதாகும்.

இதன் மறுபக்கம் அமெரிக்காவில் நடந்தது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1921-இல் தன் 39-ஆம் வயதில் நோயால் தாக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் சக்கர நாற்காலியில் அவர் இருக்கும் படங்கள் மிகச் சிலவே. பத்திரிகைகளும் அதைப் படம் எடுப்பதைத் தவிர்த்தன. 1997-இல் வாஷிங்டனில் அவருக்கு நினைவிடம் திறக்கப்பட்டபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. எங்கள் தலைவரை எங்களிடமிருந்து மறைக்காதீர்கள் என்பதுதான் அவர்களின் கோரிக்கையின் சாரம். அவர்களே நிதி திரட்டி, சக்கர நாற்காலியில் அமர்ந்த ரூஸ்வெல்ட்டின் சிலையை 2001-இல் நுழைவாயில் அருகே நிறுவவைத்தார்கள். ஸ்டெல்லா யங்கின் ஊரில் வேலை காணாமல் போனது. வாஷிங்டனில் உடல் காணாமல் போனது.

தமிழில் இதைப் பேச நமக்குப் பழைய கதை ஒன்றே போதும். திருவாரூர்க் கோயில் குளத்தைத் தோண்டி விரிவாக்கிய தண்டியடிகளைப் பற்றிப் பெரியபுராணம் பேசுகிறது. அவர் பார்வையற்றவர். குளத்துக்குள் ஒரு கம்பு, கரையில் ஒரு கம்பு நட்டு, இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளினார், கயிற்றைப் பற்றியபடியே கரையேறிக் கொட்டினார். கதையின் முடிவில் இறையருளால் அவருக்குப் பார்வை கிடைக்கிறது. நாம் பெரும்பாலும் எடுத்துச் சொல்வது அந்த அற்புதத்தைத்தான். எனக்கோ அந்தக் கயிறுதான் பெரிதாகப் படுகிறது. பார்வை கிடைப்பதற்கு முன்பே, தன் வேலைக்குத் தேவையான ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டு ஊருக்கு ஒரு குளத்தை வெட்டிக்கொண்டிருந்தார் அவர்.

வேலையைச் சொல்லிப் பாராட்டுவது எப்படி இருக்கும் என்பதற்கு ஜெய்பால் ரெட்டி நல்ல எடுத்துக்காட்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோ தாக்கியது, வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோலுடன் நடந்தார். நெருக்கடி நிலையை எதிர்த்துக் காங்கிரஸிலிருந்து விலகினார். 1980-இல் மேடக் தொகுதியில் இந்திரா காந்தியை எதிர்த்தே போட்டியிட்டுத் தோற்றார். 1997-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோதுதான், 1990-இல் நிறைவேறியும் அமலுக்கு வராமல் கிடந்த பிரசார் பாரதி சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1998-இல் சிறந்த நாடாளுமன்ற உறுப்பினர் விருது பெற்றார். பின்னர் நகர்ப்புற வளர்ச்சி, பெட்ரோலியம் ஆகிய துறைகளையும் வகித்தார். 2019-இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் பெரும்பாலும் அவருடைய பேச்சையும் அரசியலையும் பற்றியே இருந்தன. ஒரு மாற்றுத்திறனாளித் தலைவருக்கு இந்த மரியாதை கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் ஒரு விதிவிலக்கு. அவர் ஏறிய படிகளில் பின்னால் வருகிறவர்கள் ஏற வேண்டுமானால், படிகளையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த வேலையைத் தோளில் சுமந்தவர் ஜாவேத் அபிதி.

1965-இல் அலிகாரில் பிறந்த அபிதிக்குப் பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடு. உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்காததால் நரம்புகள் சேதமடைந்தன. அமெரிக்காவில் ஒஹையோவில் இதழியல் படித்து, 1989-இல் சக்கர நாற்காலியுடன் இந்தியா திரும்பினார். படித்த வளாகத்தில் சாய்தளமும் மின்தூக்கியும் இருந்தன. தனியாகவே எங்கும் போய்வந்தார். டெல்லியில் அதே மனிதரால் ஓர் அலுவலகத்துக்குள் நுழைய முடியவில்லை. உடல் மாறவில்லை, கட்டடம்தான் மாறியிருந்தது. ஊனத்தைப் பற்றிய அவருடைய அரசியல் முழுவதும் இந்த அனுபவத்தில் வேர்கொண்டது என்று சொல்லலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கென இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது என்ற நிலையில், 1995 டிசம்பர் 19 அன்று அவரும் தோழர்களும் நாடாளுமன்றத்தை நோக்கிப் போராட்டம் நடத்தினார்கள். ஊன்றுகோலும் சக்கர நாற்காலியுமாக மக்கள் தெருவில் இறங்கினார்கள். கூட்டத்தொடர் முடிவதற்குள் மசோதா நிறைவேறியது. வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு அந்தச் சட்டத்தின் வழியாகத்தான் சட்டப்பூர்வ உரிமை ஆனது. அடுத்து விமானப் பயணம். தானே மனுதாரராக உச்ச நீதிமன்றம் போய், விமானத்துக்குள் செல்லும் குறுகிய நாற்காலி, ஏறுவதற்கான வசதி, கட்டணச் சலுகை ஆகியவற்றுக்கு 1998-இல் உத்தரவு பெற்றார். 2001 ஜனவரியில், சக்கர நாற்காலியில் இயங்கிய இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தார். குதுப்மினாரையும் செங்கோட்டையையும் அவர் பார்க்க வழியில்லை என்பதை அபிதியின் குழு பொதுவெளியில் எழுப்பியது. அவசர அவசரமாக மரச் சாய்தளங்கள் போடப்பட்டன. ஹாக்கிங்குக்குப் போட முடிந்தது என்றால் நம் ஊர்க் குழந்தைக்கும் போட முடியும் என்பது அன்று நாட்டுக்கே தெரிந்துவிட்டது.

அவர் செய்தவற்றில் நான் முதலிடம் கொடுப்பது மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு. 1981-இல் இருந்த ஊனம் பற்றிய கேள்வி 1991-இல் கைவிடப்பட்டிருந்தது. அதைத் திரும்பச் சேர்க்கவைக்க அவரும் மற்ற அமைப்பினரும் விடாமல் போராடினார்கள். 2001 கணக்கெடுப்பில் கேள்வி வந்தது, 2.19 கோடிப் பேர் கணக்கில் வந்தார்கள். 2011-இல் அது 2.68 கோடி; தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம். உண்மை எண்ணிக்கை இதைவிட அதிகம் என்று இயக்கத்தினர் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். ஆனாலும் எண்ணப்படாதவர்களுக்கு எந்த அரசும் நிதி ஒதுக்காது. அபிதி 2018 மார்ச்சில் காலமானார். அதற்கு முன், ஏழாக இருந்த ஊன வகைகளை 21 ஆக்கி, இடஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்திய 2016-ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தையும் அவர் பார்த்துவிட்டார்.

சட்டம் வந்தால் வேலை முடிந்ததா? இல்லை. குடிமைப் பணி வரலாறே சாட்சி. பார்வையற்றோருக்கு எந்தெந்தப் பதவி பொருந்தும் என்று இன்னும் அடையாளம் காணவில்லை என்ற காரணத்தைக் காட்டியே அரசு பல ஆண்டுகள் இடங்களை நிரப்பாமல் வைத்திருந்தது. அடையாளம் காண்பது அரசின் கடமை, அதைச் செய்யாததைச் சாக்காக்கி உரிமையை மறுக்க முடியாது என்று ரவி பிரகாஷ் குப்தா வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மொத்தக் காலியிடங்களையும் வைத்தே ஒதுக்கீட்டைக் கணக்கிட வேண்டும் என்று தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பின் வழக்கில் 2013 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பை வழங்கிய அமர்வின் தலைவர், அப்போதைய தலைமை நீதிபதியான நம் ஊர் சதாசிவம். பார்வையற்றோருக்காக வாதாடிய எஸ்.கே. ருங்டாவும் பார்வையற்ற வழக்கறிஞர்தான்.

ஐரா சிங்கலுக்கு முதுகெலும்பு வளைவு. 2010-இலேயே வருவாய்ப் பணிக்குத் தேர்வானார். தள்ள, இழுக்க, தூக்க முடியாது என்று சொல்லி நியமனத்தை மறுத்தார்கள். நிர்வாகத் தீர்ப்பாயத்தில் போராடி வேலையைப் பெற்றார். பிறகு 2014-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வில் பொதுப் பிரிவினர் உட்பட எல்லாரையும் முந்தி நாட்டிலேயே முதலிடம் வந்தார். பிராஞ்சல் பாட்டீலுக்கு, 2016-இல் தேர்வில் வென்றும், முழுப் பார்வையின்மையைக் காட்டி ரயில்வே கணக்குப் பணி மறுக்கப்பட்டது. மறுமுறை எழுதி 124-ஆம் இடம் பிடித்து, 2019-இல் திருவனந்தபுரத்தில் துணை ஆட்சியராகப் பொறுப்பேற்றார். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெஃபின், அதுவரை முழுப் பார்வையற்ற எவரும் நுழையாத வெளியுறவுப் பணியில் 2015-இல் சேர்ந்தார். மதுரையின் பூரணசுந்தரி 2019 தேர்வில் 286-ஆம் இடம் பெற்றார். இவர்களைப் பற்றிய செய்திகளில் விடாமுயற்சி என்ற சொல் தவறாமல் வரும். மறுத்த அதிகாரி யார், எந்த விதியைக் காட்டினார், அந்த விதி இன்றும் இருக்கிறதா என்பது வராது. மூன்றாவது கேள்வியை நான் வற்புறுத்துவது இதனால்தான்.

நீதித்துறையில் இந்தக் கதவு இன்னும் கெட்டியாகச் சாத்தியிருந்தது. தமிழ்நாட்டில் உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு, பார்வைக் குறைபாடு 40 முதல் 50 விழுக்காடு வரை இருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம் என்று 2014-இல் வரம்பு வைத்தார்கள். 70 விழுக்காடு குறைபாட்டுடன் அரசுத் தரப்பில் வழக்கு நடத்திக்கொண்டிருந்த ஒரு வழக்கறிஞர் அதை எதிர்த்தார். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளிவிட்டது. நீதிமன்றத்தில் நின்று வாதாடத் தகுதி உண்டு, அதே மன்றத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை என்றால் அது என்ன கணக்கு? 2021-இல் விகாஷ் குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, அந்தப் பழைய தீர்ப்பை இனி முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்றது. மத்தியப் பிரதேசத்தில் பார்வையற்றோரை நீதிப் பணியிலிருந்து விலக்கிய விதியைப் பற்றி ஒரு தாய் தலைமை நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே வழக்காகி, 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. ஊனத்தை மட்டுமே காரணமாக வைத்து எவரையும் நீதிப் பணித் தேர்விலிருந்து ஒதுக்க முடியாது என்பது இப்போது சட்டம்.

பார்வையற்றவர் தீர்ப்பு எழுதினால் எப்படி இருக்கும் என்று தயங்குகிறவர்கள் தென்னாப்பிரிக்காவைப் பார்க்கலாம். டர்பனில் இந்திய வம்சாவளியில் வந்த ஜாக் யாக்கூப், குழந்தைப் பருவத்தில் மூளைக்காய்ச்சலால் பார்வை இழந்தவர், நிறவெறி ஆட்சிக்கு எதிராக வாதாடியவர். 1998 முதல் 2013 வரை அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றத்தில் நீதிபதி. வீடற்ற மக்களுக்கு வீட்டு வசதி உரிமை உண்டு என்று 2000-இல் வந்த குரூட்பூம் தீர்ப்பை எழுதியவர் அவரே. சமூக உரிமைகளைப் பற்றி உலகில் எந்தச் சட்டக் கல்லூரியில் பாடம் நடந்தாலும் அந்தத் தீர்ப்பு பேசப்படும்.

பதவியால் வராத தலைமையும் உண்டு. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் கோவையில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். 1975 ஜனவரியில் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றபோது, உடல்திறன் சோதனையில் மரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவ அதிகாரி அமர்ஜித் சிங் சாஹலின் பெயரில், 1981-இல் தென்காசி அருகே தன் சொந்த ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்காளர் சங்கரராமன் 1992-இல் அவருடன் இணைந்தார். நகரத்தை நோக்கி எல்லாரும் போய்க்கொண்டிருந்த காலத்தில், மறுவாழ்வுப் பணியை ஒரு கிராமத்தில் வேரூன்றவைத்தது இவர்களின் தனித்த சாதனை.

அங்கே நடக்கும் வேலையில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு உரிய மாதத்தில் தலை நிற்கவில்லை. தாய்க்கு விவரம் தெரியாது. பிள்ளை கொஞ்சம் மெதுவாகத்தான் வளரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். பயிற்சி பெற்ற களப்பணியாளர் வீட்டுக்கே போய்க் குழந்தையைப் பரிசோதித்து, கைப்பேசிச் செயலியில் பதிவு செய்கிறார். இயன்முறை மருத்துவர் அதைப் பார்த்துப் பயிற்சித் திட்டம் வகுக்கிறார். தாய் அன்றாடம் வீட்டிலேயே பயிற்சி கொடுக்கிறார். ஆறு வயதில் பள்ளி வாசலில் நின்று அழ வேண்டிய நிலை, ஒரு வயதிலேயே தொடங்கும் இந்த வேலையால் பல குடும்பங்களுக்கு வராமல் போகிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. திருவண்ணாமலையில், தமிழக இளையோர் மகளிர் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய ப்ரீத்தி சீனிவாசன், கடலில் நேர்ந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த பிறகு, தண்டுவடப் பாதிப்புள்ளோருக்காக சோல்ஃப்ரீ அமைப்பை நடத்துகிறார்.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது ஏற்பாட்டுக்கு, வருகிறேன். பார்வையற்ற அதிகாரி ஒருவர் கணினியில் கோப்பைப் படிப்பது திரைவாசிப்பான் என்ற மென்பொருளால். அவற்றில் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ-வை 2006-இல் உருவாக்கத் தொடங்கிய மைக்கேல் கர்ரனும் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளரே. தமிழையும் அது வாசிக்கும், கோப்பு யூனிகோடில் இருந்தால். பழைய பாமினி எழுத்துருவில் அம்மா என்று அடித்த சொல்லைத் திரைவாசிப்பான் எம், கே, கே, எச் என ஆங்கில எழுத்துகளாகத்தான் சொல்லும். தாளை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் ஒன்றுமே சொல்லாது. தமிழ்நாடு அரசு யூனிகோடை 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழைய எழுத்துருக் கோப்புகளும் ஸ்கேன் படங்களும் இன்றும் அலுவலகங்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு தட்டச்சரின் பழக்கம் ஓர் அதிகாரியின் திறமையை முடக்கிவிட முடியும். அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதியை, பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்து, கட்டாயத் தரங்களை வகுக்கச் சொன்னது.

மக்கள் பிரதிநிதித்துவத்தில் நிலைமை இன்னும் பின்தங்கியே இருக்கிறது. தொழுநோய் பாதித்தவர் உள்ளாட்சிப் பதவியில் இருக்க முடியாது என்ற ஒடிசா நகராட்சிச் சட்ட விதியை 2008-இல்கூட உச்ச நீதிமன்றம் சரி என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் அதனால் பதவி இழந்தார். உகாண்டாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஐந்து இடங்களும், உள்ளாட்சி மன்றங்கள்தோறும் இடங்களும் 1990-களிலேயே வந்துவிட்டன. இலங்கையில் சுகத் வசந்த டி சில்வா 2024-இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் பார்வையற்ற உறுப்பினர் ஆனார். உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் இரண்டு மசோதாக்களை நிறைவேற்றியது. நகர்ப்புற உள்ளாட்சிகளில் சுமார் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் நியமிக்கப்படுவார்கள் என்று அப்போது அரசு அறிவித்தது. அதற்கு முன் நகர்ப்புற உள்ளாட்சிகளில் இருந்தவர்கள் 35 பேர். இது பெரிய முன்னேற்றம், மனமார வரவேற்கிறேன். ஆனால் சிறப்பறிவு அடிப்படையில் நகராட்சிக்கு நியமிக்கப்படுவோருக்கு அரசமைப்பின் 243ஆர் பிரிவு வாக்குரிமை தரவில்லை. நியமனம் வாசல்வரை கொண்டுவிடும். சாதன் குப்தா நின்றதுபோலத் தேர்தலில் நின்று வெல்வதற்குக் கட்சிகள் வேட்பாளர் பட்டியலில் இடம் தர வேண்டும்.

இந்தக் கட்டுரையில் வந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். பெரும்பாலோர் பார்வையற்றோர் அல்லது கைகால் இயக்கக் குறைபாடு உள்ளோர். ஆங்கிலக் கல்வி வாய்த்தோர். காது கேளாதோர் மிகக் குறைவு. 2023 செப்டம்பரில்தான், சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர் சைகைமொழி பெயர்ப்பாளரின் துணையுடன் உச்ச நீதிமன்றத்தில் முதன்முறையாக வாதாடினார். அறிவுசார் குறைபாடும் மனநலப் பாதிப்பும் உள்ளவர்களின் தலைமையைப் பற்றி நாம் இன்னும் பேசவே தொடங்கவில்லை. கிராமத்துத் தலித் மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவர் சங்கம் கட்டி, உதவித்தொகைக்காக வட்டாட்சியர் அலுவலகம் முன் ஆட்களைத் திரட்டினால், அந்தச் செய்தி மாவட்டப் பக்கத்தைத் தாண்டுவதில்லை. அவரும் தலைவர்தான்.

எனவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் அடுத்த கிராம சபையோ வார்டு கூட்டமோ நடக்கும்போது, இடம் தேர்வு செய்கிறவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்: சக்கர நாற்காலி உள்ளே வருமா, தீர்மான நகல் யூனிகோடில் கிடைக்குமா, சைகைமொழி தெரிந்தவர் இருப்பாரா? நியமன உறுப்பினராக வரும் மாற்றுத்திறனாளியிடம் உதவித்தொகையைப் பற்றி மட்டும் பேசாமல், குடிநீர்க் குழாயையும் தெருவிளக்கையும் பற்றிக் கேள்வி கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் மற்ற உறுப்பினர்களைக் கண்டிப்பதுபோல அவரையும் கண்டியுங்கள். நன்றாகச் செய்தால், எந்தத் தெருவில் எந்த வேலையைச் செய்தார் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.